டிசம்பரில் விளக்கு எரியும் வீடுகள்: வாசகர் கேள்விகளுக்குத் தபால்காரர் பதில்

சென்ற இதழில், நான் தபால் கொடுத்துவந்த பிரெஞ்சுக் கிராமங்களைப் பற்றி எழுதியிருந்தேன். தெற்கு பிரான்சில், அவேரோன் மாவட்டத்தில், மியோ என்ற சிறு நகரத்துக்கு மேலே இருக்கிறது லார்சாக் பீடபூமி. ஆடும் சுண்ணாம்புக் கல்லும் காற்றுமாக இருக்கும் பூமி. 1986 முதல் 2018 வரை மஞ்சள் வண்டியில் அங்கே சுற்றினேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். பலரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

புதுச்சேரிக்காரர் பிரான்சில் தபால்காரர் ஆனது எப்படி? அரசு வேலைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டாமா? (வாசகர், விழுப்புரம்)

அப்போது வேண்டியிருந்தது. எனக்கு அது அப்பா வழியில் கிடைத்தது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்போம். 1962 ஆகஸ்டு 16 இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அப்பா எழுதிக் கொடுத்தார். அப்போது எனக்கு நான்கு வயது. 19 வயதில் கப்பல் இல்லை, விமானத்திலேயே போனேன். ஒரு வருடம் கட்டாய ராணுவப் பணி, அப்புறம் தபால்துறைத் தேர்வு, பாரீசில் கடிதம் பிரிக்கும் வேலை. மியோவில் இடம் காலி என்றதும் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். வரைபடத்தில் அந்த ஊரைச் சுற்றிப் பெரிய வெற்றிடமாக இருந்தது. வில்லியனூர் வயலில் வளர்ந்தவனுக்கு அந்த வெற்றிடம் பிடித்திருந்தது.

கிராமம் என்கிறீர்களே, எத்தனை வீடு இருக்கும்? தெரு, கோயில், குளம் எல்லாம் உண்டா? (வாசகி, மதுரை)

அம்மா, நம் ஊர்க் கணக்கில் அவற்றைக் கிராமம் என்று சொல்லவே யோசிப்பீர்கள். என் சுற்றில் இருந்த சில ஊர்களில் ஐந்தாறு வீடுதான். ஒரு தேவாலயம், அதை ஒட்டிச் சின்னக் கல்லறைத் தோட்டம், ஒரு கல் தூண். முதல் உலகப் போரில் இறந்த அந்த ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களைத் தூணில் வெட்டியிருப்பார்கள். பத்து வீடு உள்ள இடத்தில் எட்டுப் பெயர் இருக்கும், அதில் மூன்று ஒரே குடும்பப் பெயராக இருக்கும். முதல் மாதம் ஒவ்வொரு தூணின் முன்பும் வண்டியை நிறுத்திப் படித்தேன்.

இப்படிச் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு கொம்யூன், நம் ஊராட்சி மாதிரி. அதற்கு ஒரு மேயர், ஒரு மேரி, அதாவது மேயர் அலுவலகம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மேரி கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே மேரி என்பது ஓர் அறை, ஒரு மேசை, வாசலில் மூவண்ணக் கொடி. அதே மேயர் காலையில் ஆடு கறந்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார்.

தெருப் பெயர் கிடையாது. இந்தப் பண்ணை, அந்தப் பண்ணை என்று இடத்தின் பெயர் மட்டும்தான். 2,000 பேருக்குக் குறைந்த கொம்யூன்கள் தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் வைக்க வேண்டியதில்லை என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2022 இல் வந்த சட்டம்தான் எல்லா ஊருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அதுவரை எந்த வீட்டில் யார், எந்தப் பெயரில் எந்தப் பேரன் என்பதெல்லாம் தபால்காரர் தலையில் இருக்க வேண்டியவை. எனக்கு முன் அந்தச் சுற்றில் இருந்தவர் இரண்டு வாரம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வீடாகச் சொல்லிக் கொடுத்தார். எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்கும் என்பது உட்பட.

குளம் பற்றிக் கேட்டீர்கள், அது நல்ல கேள்வி. லார்சாக்கில் மழை பெய்கிறது, ஆனால் தண்ணீர் நிற்காது. சுண்ணாம்புப் பாறை முழுக்க வெடிப்பு. பெய்ததெல்லாம் உள்ளே இறங்கி, கீழே பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளியே வரும். மேலே ஓர் ஓடைகூட இல்லை. அதனால் பழைய வீடுகளில் கூரையில் விழும் மழையை வாய்க்கால் வைத்து வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். ஆடுகளுக்கு ‘லவோஞ்’ என்று ஒன்று உண்டு. தரையில் வட்டமாக, தாம்பாளம் போலச் சரிவாகக் குழித்து, களிமண் அடைத்து, மேலே கல் பாவிய குட்டை. மந்தை இறங்கிக் குடித்துவிட்டு ஏற வசதியாக இருக்கும். நம் ஊர் ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடச் சின்னது.

விவசாய நிலமும் அப்படித்தான், குழியில் இருக்கிறது. பாறை உள்வாங்கிய பள்ளங்களில் சிவப்பு மண் சேர்ந்திருக்கும். அதில் பார்லி, ஓட்ஸ், குதிரைமசால் போடுவார்கள். மேட்டில் புல்லும் புதரும்தான். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் குவித்திருப்பார்கள். அந்தக் குவியல்களைப் பார்த்தால் எத்தனை தலைமுறையின் முதுகு என்று தோன்றும்.

நான் ஆடு வளர்க்கிறேன். அங்கே செம்மறியிலிருந்து பால் கறக்கிறார்கள் என்று எழுதினீர்கள். எவ்வளவு கறக்கும், அதை என்ன செய்வார்கள்? (வாசகர், நாமக்கல்)

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அந்த ஆட்டின் பெயர் லக்கோன். வெள்ளை, நீளமான காது பக்கவாட்டில் நீட்டியிருக்கும், தலையிலும் வயிற்றிலும் கம்பளி இருக்காது. என் சுற்றில் ஒரு குடும்பம் சாதாரணமாக 300, 350 ஆடு வைத்திருந்தது. நல்ல பருவத்தில் ஓர் ஆடு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கொடுக்கும், போகப் போகக் குறையும். நவம்பர், டிசம்பரில் குட்டி போடும். குட்டி ஒரு மாதம்போலத் தாயோடு இருக்கும், அப்புறம் கறவை. காலையும் மாலையும், ஜூலை வரைக்கும். வரிசையாக ஏறி நிற்கும் ஆடுகளுக்குப் பின்னால், கீழே குழியில் நின்று இயந்திரத்தை மாட்டுவார்கள். குனிய வேண்டாம். இருந்தாலும் வயதானவர்கள் எல்லாருக்கும் தோள்பட்டை வலி.

பால் ரோக்ஃபோர் சீஸுக்குப் போகும். நீலப் பூஞ்சை ஓடிய சீஸ். காய்ச்சாத, கொழுப்பு எடுக்காத செம்மறிப் பால்தான் வேண்டும், வேறு பால் சேர்த்தால் அந்தப் பெயர் கிடையாது. ஒரு கட்டி இரண்டரையிலிருந்து 2.9 கிலோ வரை இருக்கும். அதற்கு ஏறத்தாழ 12 லிட்டர் பால் ஆகும். பக்கத்தில் கொம்பலூ என்ற குன்றின் அடியில் ரோக்ஃபோர் ஊர் இருக்கிறது. குன்றின் ஒரு பக்கம் என்றோ சரிந்து உடைந்ததில் பாறைக்குள் நீள வெடிப்புகள் உண்டாகி, அவற்றின் வழியாக ஈரக்காற்று ஆண்டு முழுக்கக் குளிர்ந்து வந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்று படும் குகைகளில்தான் பூஞ்சை வளர வேண்டும். பாலிலிருந்து விற்பனை வரை 90 நாளாவது ஆக வேண்டும் என்பது விதி. பிரான்சில் ஒரு சீஸுக்கு ஊர்ப் பெயரைச் சட்டத்தால் முதலில் காத்துக் கொடுத்தது இதற்குத்தான், 1925 இல்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அந்த மேட்டில் மனிதர்கள் தங்கியிருப்பதற்கே இந்தப் பால்தான் காரணம். கல்லில் வேறென்ன விளையும்? ஊர்ப் பெயருக்குச் சட்டம் காவல் நிற்பதால் பால் வேறெங்கிருந்தும் வந்துவிட முடியாது. நம் ஊரிலும் புவிசார் குறியீடு கொடுக்கிறார்கள். அதனால் வரும் காசு ஆடு மேய்ப்பவர் கை வரைக்கும் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் பால் விலைக்காக ஆண்டுதோறும் சண்டை உண்டு.

லார்சாக் விவசாயிகள் ராணுவத்தையே திருப்பி அனுப்பினார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நாங்களும் நிலம் வைத்திருப்பவர்கள். விவரமாகச் சொல்லுங்கள் ஐயா. (வாசகர், தஞ்சாவூர்)

அப்போது நான் அங்கே இல்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடம் அந்தக் கதை நடந்த அடுப்படிகளில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன்.

லா கவலரி என்ற ஊரை ஒட்டி 1902 இலிருந்து ஒரு ராணுவ முகாம் இருந்தது, ஏறத்தாழ 3,000 ஹெக்டேர். 1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே அதை 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தார். மேட்டில் யாரும் இல்லை, வெறும் கல்தான் என்பது பாரீசின் நினைப்பு. அங்கே நூற்றுச் சொச்சம் விவசாயக் குடும்பங்கள் இருந்தன. ஞாயிறு தோறும் பூசைக்குப் போகிறவர்கள், ராணுவத்தை மதிக்கிறவர்கள், ஊர்வலம் என்பதையே அறியாதவர்கள்.

தஞ்சாவூர்க்காரரே, இங்கேதான் நம் நாட்டுச் சங்கதி ஒன்று வருகிறது. லான்சா தெல் வாஸ்தோ என்று ஒருவர், இத்தாலியில் பிறந்தவர். 1937 இல் வார்தாவுக்கு வந்து காந்தியைச் சந்தித்தார். காந்தி அவருக்கு ‘சாந்திதாஸ்’ என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் லார்சாக்கின் தெற்கு ஓரத்தில் ராட்டை நூற்று, உழுது வாழும் ஓர் ஆசிரமத்தை நடத்திவந்தார். 1972 மார்ச்சில் அவர் லா கவலரிக்கு வந்து 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். விவசாயிகள் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அந்த விரதம் முடியப்போகும் நேரத்தில், மார்ச் 28 அன்று, 103 விவசாயிகள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். நிலத்தை விற்க மாட்டோம், ஒருவரை விட்டு ஒருவர் பேரம் பேச மாட்டோம் என்று. என் சுற்றில் ஒரு பெரியவர், “தாத்தாவோடு சண்டை, வேலியால் சண்டை, பேச்சே இல்லாத குடும்பங்கள் எல்லாம் அந்தத் தாளில் ஒன்றுக்குக் கீழே ஒன்று இருக்கிறது” என்பார்.

அக்டோபரில் 60 ஆடுகளை லாரியில் ஏற்றிப் பாரீசுக்குக் கொண்டுபோய் ஈபிள் கோபுரத்தின் கீழே மேயவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் டிராக்டரில் பாரீசுக்குப் புறப்பட்டார்கள். 1973 கோடையில் மேட்டில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். அரசு நிலத்தைக் கையகப்படுத்தச் சட்ட நடவடிக்கை எடுத்ததும், சில துண்டு நிலங்களை வாங்கி அதன் பங்குகளை ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரித்து விற்றார்கள். ஒரு வயலுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் அரசு தனித்தனியாகக் காகிதம் அனுப்ப வேண்டுமே!

எனக்கு மிகப் பிடித்தது லா பிளாக்கியேர் ஆட்டுத்தொழுவம். முகாமுக்காகக் குறித்த எல்லைக்குள், அனுமதி வாங்காமல், 1973 இலிருந்து 1976 வரை கல் கல்லாக வைத்துக் கட்டினார்கள். கட்டியவர்கள் பல நாட்டு இளைஞர்கள். தங்கள் வரியில் 3 சதவீதத்தை அரசுக்குக் கட்டாமல் இங்கே அனுப்பியவர்களின் பணமும் அதில் சேர்ந்தது. அந்தத் தொழுவத்தின் கல் வளைவுகளை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கோயில் மண்டபம் மாதிரி இருக்கும், கீழே ஆட்டுப் புழுக்கை வாசம்.

1978 நவம்பரில் 710 கிலோமீட்டர் நடந்தே பாரீஸ் போனார்கள். பத்து வருடத்தில் எவ்வளவு வெறுத்துப்போயிருக்கும், எத்தனை ராத்திரி வீட்டுக்குள் அழுகை நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் 1981 இல் மித்தரான் அதிபரானதும், தேர்தலில் சொன்னபடி, விரிவாக்கத்தைக் கைவிட்டார். ‘கார்தாரெம் லோ லார்சாக்’, அதாவது லார்சாக்கைக் காப்போம், என்பது அவர்களுடைய ஒக்சிதான் மொழிக் கோஷம். அதே பெயரில் 1975 இலிருந்து ஒரு பத்திரிகையும் வருகிறது. அதை வீடு வீடாகக் கொடுத்தவன் நான்.

அங்கே ஒரு பத்து ஏக்கர் வாங்கி ஆடு வளர்க்க ஆசை. வெளிநாட்டவருக்குக் கிடைக்குமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பத்து ஏக்கரில் அங்கே முப்பது ஆடுகூட நிம்மதியாக மேயாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால் ‘சாஃபேர்’ என்ற அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 1960 இலிருந்து இருக்கிறது. உழ வருகிற இளைஞருக்குக் கொடுக்கலாம் என்று தோன்றினால் அதுவே முந்திக்கொண்டு வாங்கிவிடும். பணம் இருக்கிறது, வாங்கிப் போட்டு வைப்போம் என்பது எளிதில் நடக்காது. குத்தகை எடுத்தாலும் குறைந்தது ஒன்பது வருடம், வாடகைக்கு உச்சவரம்பு உண்டு.

லார்சாக்கில் இன்னும் ஒரு படி மேலே. போராட்டம் முடிந்தபோது, அரசு ஏற்கெனவே விலைக்கு வாங்கிய 6,300 ஹெக்டேர் அரசின் கையில் இருந்தது. விவசாயிகள் அதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்ளவில்லை. 1984 இல் ஒரு கூட்டமைப்பை உண்டாக்கி, மறுவருடம் அரசிடமிருந்து நிலம் மொத்தத்தையும் நீண்ட குத்தகைக்கு எடுத்தார்கள். இப்போது அது 2083 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நிலம் எந்த விவசாயிக்கும் சொந்தமில்லை. விவசாயம் செய்கிறவருக்கு அவர் ஓய்வு பெறும் வரை குத்தகை. ஓய்வு பெற்றதும் நிலத்தையும் பண்ணை வீட்டையும் அடுத்து வருகிறவருக்கு விட்டுவிட வேண்டும். மகனுக்கு என்று தானாகப் போகாது. மகன் விண்ணப்பிக்கலாம், மற்றவர்களோடு வரிசையில்.

கடுமையான விதிதான். நாற்பது வருடம் இருந்த வீட்டை விட்டு மியோவில் ஓர் அடுக்குமாடிக்குக் குடிபோன தம்பதியின் கடிதங்களை அந்தப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த அம்மா சன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்று கேள்விப்பட்டபோது மனசு கனத்தது. ஆனாலும் இந்த விதி சரி என்பதே என் முடிவு. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் சொல்கிறேன்.

பிரெஞ்சுத் தபால்காரர்கள் வருடக் கடைசியில் வீடு வீடாகக் காலண்டர் கொண்டுபோவார்கள். வாங்குகிறவர் விரும்பியதைக் கொடுப்பார். இருட்டிய பின் போவேன், அப்போதுதான் ஆள் வீட்டில் இருப்பார்கள். பள்ளத்தாக்கில் அழகழகான கிராமங்கள் உண்டு. கோடையில் சன்னலெல்லாம் பூத்தொட்டி. டிசம்பரில் போனால் கதவு முழுக்கச் சாத்தியிருக்கும், எல்லாம் நகரத்துக்காரர்களின் விடுமுறை வீடுகள். இரண்டு காலண்டரோடு ஊர் முடிந்துவிடும். மேலே, அந்தக் கூட்டமைப்பு நிலத்தில் இருக்கும் ஒரு குக்கிராமத்துக்கு 1986 இல் ஒன்பது காலண்டர் எடுத்துப்போனேன். 2017 இல் பதினான்கு. ஐந்து வீட்டில் புதிதாக விளக்கு எரிகிறது என்று அர்த்தம். பள்ளி வண்டி ஏற வரும் பிள்ளைகளும் கூடியிருந்தார்கள்.

கிராமத்துப் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே? (வாசகி, காரைக்குடி)

உண்மை, விட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் பண்ணைக்கு வரும் கடிதங்கள் எல்லாம் கணவர் பெயருக்கே வரும். வங்கி, பால் கணக்கு, காப்பீடு, எல்லாம். ஆனால் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்குவதும், அந்தக் கணக்கை எழுதுவதும், அதற்கு முன் அதிகாலையில் ஆடு கறந்துவிட்டு வந்ததும் அந்த அம்மாதான். அரசுப் படிவத்தில் அவருக்கு ‘தொழில் இல்லை’ என்று இருக்கும். ‘கேக்’ என்னும் கூட்டுப் பண்ணைச் சட்டம் 1962 இலேயே வந்துவிட்டது. ஆனால் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தலாம், கணவனும் மனைவியும் மட்டுமாகச் சேர்ந்து நடத்தக் கூடாது. அந்தத் தடை போனது 2010 இல்! அதற்கடுத்த வருடம் ஒரு வீட்டுக்கு இரண்டு பெயரும் போட்ட முதல் உறை வந்தது. அந்த அம்மா உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது தனியாகவே பண்ணை எடுத்து நடத்தும் இளம்பெண்கள் அங்கே இருக்கிறார்கள். சிலர் சீஸையும் தாங்களே செய்து மோந்த்ரதோன் ஊரின் கோடைச் சந்தையில் விற்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? (வாசகர், சேலம்)

சோறும் ரசமும் வீட்டில். சுற்றில் கிடைத்ததில் எனக்குப் பிடித்தது ‘ஃபர்சூ’. பசலை மாதிரியான ஒரு பெரிய இலைக்கீரை, வெங்காயம், பார்ஸ்லி எல்லாம் பொடியாக நறுக்கி, முட்டையும் மாவும் கலந்து எண்ணெயில் தட்டையாகச் சுடுவார்கள். பன்றி இறைச்சி சேர்ப்பவர்களும் உண்டு. கீரை அடை என்றே நினைத்துச் சாப்பிடுவேன். ஒருமுறை அதில் பச்சை மிளகாய் கிள்ளிப் போடச் சொல்லிக் கொடுத்தேன். அந்த வீட்டில் அதற்கப்புறம் எனக்காக இரண்டு மட்டும் தனியாகக் காரமாகச் சுட்டு வைப்பார்கள்.

அங்கிருந்து இன்னும் யாராவது உங்களுக்குக் கடிதம் போடுகிறார்களா தாத்தா? (எட்டாம் வகுப்பு மாணவி, கடலூர்)

போடுகிறார்கள், கண்ணு. என் சுற்றை இப்போது ஓர் இளம்பெண் பார்க்கிறாள். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரைப் போலவே நானும் அவளை இரண்டு வாரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வருடக் காலண்டர் ஒன்றை வில்லியனூருக்கு அனுப்புவாள். இந்த முறை அட்டையில் பனியில் நிற்கும் குதிரைப் படம். பின்பக்கம் அந்தக் குக்கிராமத்தின் பெயரும், அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் எழுதியிருந்தாள். நான் கேட்டுக்கொண்டதால் வருடா வருடம் எழுதுகிறாள். இந்த வருடம் பதினைந்து.